வராந்தாவில் தலைமறைவானவன்

இந்த அத்தியாயத்தில் கொலை கிடையாது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரே ஒரு தலைமறைவுக் குற்றவாளி இருக்கிறான். அவனும் தூக்குவாளியில் தயிர்ச்சோறு கொண்டுவந்திருக்கிறான்.

இரண்டாயிரத்து நான்கு, ஆனி மாதம். அரியலூர் கோர்ட்டு நூலக அறையில் பூமாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாளே, அதே பூமாலைதான். துப்பறிய வருவதற்கு முன்னால் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அதனால் மாஜிஸ்திரேட் அருள்முருகன் அவளைக் கூப்பிட்டு ஒருநாள் வகுப்பு நடத்தச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர்கள் சாட்சியாகவோ குற்றவாளியாகவோ வந்தால் அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று போலீசுக்கும் கோர்ட்டு ஊழியர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

"கேள்வி சின்னதா இருக்கணும்" என்றாள் பூமாலை. "ஒரு நேரத்துல ஒண்ணுதான். கேட்டுட்டுக் காத்திருக்கணும். பதில் வரலைன்னு உடனே அடுத்ததுக்குத் தாவக்கூடாது."

ஏட்டு பாலசுந்தரம் கை தூக்கினார். ஆறடி உயரம், மீசை தனி.

"எவ்வளவு நேரம்ங்க காத்திருக்கறது?"

"மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

"ஸ்டேஷன்ல பத்து எண்ற வரைக்கும் சும்மா இருந்தா, டூட்டியில தூங்கறேன்னு எழுதிடுவாங்கம்மா."

"சரி, எழுந்து வாங்க. செஞ்சே பாத்துருவோம். அழகா, நீதான் அந்த ஆளு."

அழகன் என்கிற தமிழழகன் பூமாலையின் உதவியாள். இருபத்தாறு வயது. டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டுவது, வாய் பேசுவது என்று இரண்டு வேலை அவனுக்கு. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. நாற்காலியில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

ஏட்டு தொண்டையைச் செருமினார். "நீதானே மாட்டை ஓட்டிட்டுப் போனே?"

"ஆமாங்க."

"வெள்ளை மாடா, செவலையா?"

"செவலைங்க."

"வித்துட்டியா, கட்டி வச்சிருக்கியா?"

"கட்டி வச்சிருக்கேங்க."

ஏட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெருமையை மீசையில் பார்க்க முடிந்தது.

"எந்த மாடு சார்?" என்று பூமாலை கேட்டாள்.

"எந்த மாடுன்னா?"

"மாடே காணாமப் போகலையே. நான் சொல்லவே இல்லையே. ரெண்டு சொல்லிக் கேட்டா அவங்க பின்னாடி சொன்னதைப் பிடிச்சுக்குவாங்க. நீங்க சந்தோஷமா இருக்கணும்கறதுக்காகவே ஆமாம்பாங்க. இப்ப ஒருத்தர் இல்லாத மாட்டைத் திருடி ஒத்துக்கிட்டார்."

"அது கெடக்கட்டும்க்கா" என்றான் அழகன். "கட்டி வச்சுட்டு வந்திருக்கேன். அதுக்கு யாராச்சும் தண்ணி காட்டுங்க."

பதினோரு பேரும் சிரித்த அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின் கை எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஓட்டிலிருந்து வடியும் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. அந்தக் கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டய்யா யாருங்க? என் பேரு ராசாத்தி. என் தம்பிய தலைமறைவுங்கறாங்க. அவன் இங்கதான் உக்காந்திருக்கான்."

"இங்கன்னா?"

"வராந்தாவுலங்க. பெஞ்சுல."

ஏட்டு சட்டைப்பையிலிருந்து மடித்த வாரண்டை எடுத்துப் படித்தார். "அமாவாசைங்கறவனா? உடையார்பாளையத்துக்குக் கெழக்க? இவனைத் தேடி போன வாய்தா அன்னிக்கு முந்திரிக்காடு பூரா அலைஞ்சேனே!"

"அன்னிக்கு அவன் கோர்ட்டுக்கு வந்திருந்தானுங்க."

"நான் அங்க இருந்தேன்."

"அவன் இங்க இருந்தான்."

"எதிரெதிர் பஸ்ல போயிருக்கீங்க" என்றான் அழகன். "ஒருத்தருக்கொருத்தர் கையாவது காட்டியிருக்கலாம்."

விஷயம் இதுதான். போன வருஷம் குடிதண்ணீர் வரவில்லை என்று ராசாத்தியின் ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஊரே உட்கார்ந்ததால் அமாவாசையும் உட்கார்ந்தான். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவன். உடம்பு முப்பது வயதுக்கு வளர்ந்தது, புத்தி ஆறேழு வயதோடு நின்றுவிட்டது. போலீஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய் வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டது. மற்றவர்களுக்கு ஒரு வக்கீல் இருந்தார். இவனுக்கும் அவர்தான் என்று ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். வக்கீல் அப்படி நினைக்கவில்லை. மற்றவர்கள் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். அமாவாசை மட்டும் மிச்சம். இரண்டு வாய்தா கூப்பிட்டும் வரவில்லை என்று வாரண்டு போட்டார்கள்; மூன்றாவதுக்கும் வரவில்லை. இன்று நாலாவது வாய்தா. காலையிலும் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை.

"நானே பஸ் ஏத்தி வுட்டு, கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்புவேன்" என்றாள் ராசாத்தி. "எனக்கு லீவு கெடைக்காதுங்க, இன்னிக்குத்தான் அரைநாள் கேட்டுக்கிட்டுப் பின்னாடி வந்தேன். திரும்பி வந்ததும், 'கூப்பிட்டாங்களாடா'ன்னு கேப்பேன். 'கூப்பிட்டாங்க'ம்பான். சரி, முடிஞ்சுதுன்னு சோத்தைப் போடுவேன்."

"அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலையா?" என்றாள் பூமாலை.

"கூப்பிட்டா போவாங்கதானுங்களே?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அனிதா எழுந்தாள். மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற கிளார்க் அவள். "ஐயா காலையிலயே ரொம்பக் கோவமா இருந்தாங்க. மத்தியானம் இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லியிருக்காங்க. ஆளைக் கொண்டாந்து நிறுத்தினா மட்டும் பத்தாதும்மா. மூணு வாய்தாவும் எங்க போனான்னு சரியான காரணம் சொல்லணும். இல்லைன்னா ஜாமீன் ரத்து. நேரா திருச்சி ஜெயில்."

ராசாத்தி அழவில்லை. யாருக்கோ கணக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாதுங்க. சோறு சூடா இருந்தா ஊதத் தெரியாது. ராத்திரி முழிச்சான்னா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். அங்க கூப்பிட்டா யாரு வருவா?"

பூமாலை சாக்பீஸைக் கீழே வைத்தாள். "வகுப்புக்கு இடைவேளை. ஏட்டு சார், நீங்களும் வாங்க."

"எனக்கும் இடைவேளைதானே?"

"உங்களுக்கு இல்ல."

கோர்ட்டு வராந்தா நேராகப் போய், பதிவறைக்குப் பக்கத்தில் வலதுபுறம் மடங்குகிறது. மடக்குக்கு அப்பால், கோர்ட்டு வாசலுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பெஞ்சு. நல்ல நிழல். அங்கேதான் உட்கார்ந்திருந்தான் நம்முடைய தலைமறைவுக் குற்றவாளி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வெளுத்த சட்டை, மடியில் தூக்குவாளி. அக்காவைப் பார்த்ததும் சிரித்தான்.

"காது கேக்காது" என்று அழகன் முடிவு சொன்னான். அவனுக்குப் பின்னால் போய் வண்டிச் சாவியைத் தரையில் போட்டான். அமாவாசை திரும்பி, குனிந்து, சாவியை எடுத்து அழகன் கையில் வைத்தான்.

"காது என்னைவிட நல்லா கேக்குது" என்றான் அழகன். "மனசும்."

"அப்ப நடிக்கிறான்" என்றார் ஏட்டு. பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். "ஏன்டா கூப்பிட்டா வரல?"

அமாவாசையின் சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டான். ஏட்டு நகரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பத்து எண்ணிட்டேம்மா. பதில் இல்ல."

"எண்ணினது சரி சார். கேட்டதுதான் தப்பு. ஏன்னு கேட்டா அவங்களுக்கு அடி விழப்போற மாதிரி இருக்கும். யாரு, எங்க, என்னன்னு கேளுங்க. அந்த 'டா'வையும் எடுத்துருங்க."

ஏட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு சத்தம் போட்டது. "தம்பி. காலையில யாரு கூப்பிட்டாங்க?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் உதடு ஏழு வரைக்கும் போனது.

"தெரியல" என்றான் அமாவாசை. "சத்தம்."

"சத்தமா? யாரு சத்தம்?"

"சத்தம்" என்றான் மறுபடியும். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை என்கிற மாதிரி தூக்குவாளி மூடியைத் தடவினான்.

"கேட்டீங்களா? ஒரு உபயோகமும் இல்ல" என்றார் ஏட்டு.

பூமாலை மடக்கையும் பெஞ்சையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவள் தேடிப் போனது வீரமுத்துவை. கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற டவாலி அவர். வெள்ளை உடுப்பு, மார்பில் சிவப்புப் பட்டை. அவர் கூப்பிட்டால் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். ஒருதடவை அவர் கூப்பிட்டதைக் கேட்டு, அந்தப் பெயருள்ள வேறொரு ஆள் பயந்துபோய் ஜெயங்கொண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியதாகச் சொல்வார்கள்.

"என் குரல் கேக்கலைன்னு சொன்னானா?" வீரமுத்துவின் முகம் சிவந்தது. "முப்பது வருஷமாக் கூப்பிடறேம்மா. செத்தவன் ஒருத்தனைத் தவிர எல்லாரும் வந்திருக்காங்க."

"இவரை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

வீரமுத்து மடக்கு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "இவனா? இவன் சிவில் கேஸ்காரன்ல?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பேசாம உக்காந்திருந்தான். அப்படி உக்கார்றவன் சிவில் கேஸ்காரனாத்தான் இருப்பான். அவங்க வருஷக்கணக்கா உக்காருவாங்க, நாம எதுக்குப் பேரைக் கேக்கறது? ஒவ்வொரு வாய்தாவும் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். கட்டு எடுத்துக்கிட்டுப் பதிவறைக்குப் போறப்ப, 'காலை மடக்குப்பா'ம்பேன்."

"மடக்குவாரா?"

"உடனே மடக்குவான். மரியாதை தெரிஞ்ச பய."

"பேரைச் சொன்னா கேக்க மாட்டாரு, காலை மடக்கச் சொன்னா கேப்பாரு" என்றான் அழகன். "காலுக்குத் தனியா காது வச்சிருப்பாரோ?"

பூமாலை அவனைத் திட்டவில்லை. அவள் திட்டாமலிருந்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அழகனுக்கு அது தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது பெரிய விஷயம்.

கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் பொன்னம்மாளின் டீக்கடை. பெஞ்சுக்கு நேர் பின்னால், கைப்பிடிச் சுவருக்கு வெளியே. அமாவாசை உட்கார்ந்திருப்பது அங்கேயிருந்து முதுகுப்பக்கமாகத் தெரியும்.

"அந்தப் புள்ளையா?" என்றாள் பொன்னம்மாள். "வாய்தாவுக்கு வாய்தா வருது. கண்டக்டர் கொண்டாந்து வுட்டுட்டுப் போவாரு. நான் டீயை ஊத்திவச்சிட்டு இங்கேர்ந்தே ரெண்டு மூணு தரம் கூப்பிடுவேன். என் தொண்டைதான் காயும். திரும்பவே திரும்பாது. கிளாசைத் தூக்கிக்கிட்டு எதுக்கப் போய் நின்னா மட்டும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கும்."

"இப்பக் கூப்பிடுங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும். அழகா, நீ அந்தப் பக்கம் போய் அவர் கையைப் பாரு."

"மூஞ்சியைப் பாக்க வேணாமா?"

"மூஞ்சியை எல்லாரும் பாத்தாச்சு."

"அமாவாசேய்! டீ!" என்று பொன்னம்மாள் கூப்பிட்டாள்.

முதுகு அசையவில்லை. ஆனால் தூக்குவாளி மூடியின் மேல் இருந்த வலது கையில் சுண்டுவிரல் மடங்கியது.

"அமாவாசேய்!"

மோதிரவிரல் மடங்கியது.

"அமாவாசேய்! ஆறுதுப்பா!"

நடுவிரல் மடங்கியது. ஆள்காட்டிவிரல் நீட்டியபடியே நின்றது. அமாவாசை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ வருவதாகச் சொல்லி இன்னும் வராததுபோல.

"போதும்!" என்றாள் பூமாலை, பொன்னம்மாள் மறுபடி வாயைத் திறப்பதற்குள். 

அழகன் ஓடிவந்து பார்த்ததைச் சொன்னான். "எண்றாருக்கா. நீங்க ஏட்டுக்குச் சொன்ன பத்தை இவருதான் ஒழுங்கா எண்றாரு போல."

பூமாலை கிளாசை வாங்கிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனாள். அமாவாசைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டீயைக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை சும்மா இருந்தாள். பிறகு நீட்டியிருந்த அந்த விரலைத் தொட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் பதில் சொன்னான். நீளமான பதில்கூட இல்லை.

என்ன சொன்னான் என்று இப்போது உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

மத்தியானம் கோர்ட்டு கூடியது. மாஜிஸ்திரேட் அருள்முருகன் இளவயதுக்காரர். மற்றவர்கள் பேசும்போது பேனாவைத் திறந்தே வைத்திருப்பார். அதனால் அவர் முன்னால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

"ஆள் கெடைச்சாச்சுன்னு சொன்னாங்களே, எங்க?" என்றார்.

பூமாலை எழுந்தாள். "வெளியில பெஞ்சுல இருக்காருங்கய்யா. உள்ள கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி, வழக்கம்போல வாசல்லேர்ந்து ஒருதரம் கூப்பிடச் சொல்லணும். ஏட்டு மடக்குல நின்னு அவரைப் பாப்பாரு. வாயைத் திறக்க மாட்டாரு."

"ஏட்டு வாயைத் திறக்க மாட்டாரா?"

"காலையிலதான் பயிற்சி குடுத்திருக்கேங்க."

"எதுக்கு இந்த வேடிக்கையெல்லாம்?"

"வகுப்பு நடத்தச் சொல்லி உத்தரவு போட்டது ஐயாதான். இது பரீட்சைங்க."

மாஜிஸ்திரேட் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு வீரமுத்துவைப் பார்த்துத் தலையசைத்தார். வீரமுத்து வாசலுக்குப் போய் நின்று, பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அமாவாசேய்! அமாவாசேய்! அமாவாசேய்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. யாரும் வரவில்லை. வீரமுத்து உள்ளே திரும்பி, பழக்கதோஷத்தில், "ஆள் இல்லைங்கய்யா" என்றார்.

மாஜிஸ்திரேட்டின் பேனா காகிதத்தில் இறங்கியது. ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு தரம்" என்றாள் பூமாலை.

"மூணு தரம்தான் கூப்பிடறது. அதுக்கு மேல கெடையாது."

"அதனாலதானுங்க கேக்கறேன்."

பேனா நின்றது. வீரமுத்து மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் யாரையும் நாலாவது தடவை கூப்பிட்டதில்லை. அந்த நாலாவதுக்கு என்ன ராகம் என்றே அவருக்குத் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் லேசாகத் தலையாட்டினார். வீரமுத்து வாசலுக்குப் போனார். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து சந்தேகமாக, வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அமாவாசை?"

"ஓய்! இந்தா வந்துட்டேன்!"

தூக்குவாளி கடகடவென்று சத்தம் போட, அமாவாசை ஓடிவந்து கோர்ட்டு நடுவில் நின்றான். பின்னாலேயே ஏட்டு. "ஐயா, விரலு! நாலாவது விரலு!" என்றார். அவ்வளவு நேரம் பேசாமலிருந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

மாஜிஸ்திரேட் அமாவாசையைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் ஏன்..." என்று ஆரம்பித்தார். பூமாலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, மாற்றிக் கேட்டார். "முதல்ல மூணு தரம் சத்தம் கேட்டுச்சே, அது யாரு?"

"முனி" என்றான் அமாவாசை.

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

"ஆளு தெரியாம சத்தம் மட்டும் வந்தா வாயத் தொறக்கக் கூடாது. முனி மூணு தரந்தான் கூப்பிடும். அதுக்கு மேல அதுக்குத் தெம்பு இல்ல. நாலாவதும் கூப்பிட்டா நெசமான ஆளு. அம்மா சொல்லுச்சு."

"எங்கம்மாதானுங்க" என்றாள் ராசாத்தி. "ஆடு மேய்க்கப் போறப்ப, உச்சி வெயில்ல முந்திரிக்காட்டுல எவனாச்சும் கூப்பிட்டுக் காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுவான்னு பயந்து ரெண்டு பேருக்கும் சொல்லிவச்சுது. அம்மா போயி ஒம்போது வருஷமாச்சு. நான் மறந்தே போயிட்டேங்க. அவன் மறக்கல."

"கோர்ட்டுக்கும் முனிக்கும் ஒரே கணக்கா இருந்திருக்கு" என்று அழகன் முணுமுணுத்தான். பூமாலை அவன் காலை மிதித்தாள்.

"சரி" என்றார் மாஜிஸ்திரேட். "இன்னிக்கு வந்திருக்கார். முந்தின மூணு வாய்தாவுக்கும் வந்தார்னு யாரு சொல்றது? நோட்ஸ்ல மூணு தடவையும் 'அழைத்தும் ஆஜராகவில்லை'ன்னு இருக்கு."

பொன்னம்மாளைக் கூப்பிடப் பூமாலை வாயைத் திறந்தாள். அதற்குள் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிற குரல். இந்தத் தடவை முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"நான் சொல்றேங்கய்யா."

"வீரமுத்து? ஆள் இல்லைன்னு மூணு தடவையும் சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்கய்யா. காலை மடக்குன்னு மூணு தடவையும் இவன்கிட்ட சொன்னதும் நான்தானுங்க." வீரமுத்து பட்டையைப் பிடித்துக்கொண்டார். "இவன் காலைத் தாண்டித்தான் போவேன் வருவேன். பேரு என்னன்னு கேக்கல. எழுதறதுன்னா என் மேல எழுதுங்கய்யா."

மாஜிஸ்திரேட் எழுதினார். என்ன எழுதினார் என்பதை அனிதாவுக்குச் சொல்லச் சொல்லத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. எதிரி, அதாவது அமாவாசை, எல்லா வாய்தாவுக்கும் வந்திருந்ததாகக் கொள்ளப்படுகிறது. வாரண்டு திரும்பப் பெறப்படுகிறது. வீரமுத்துவின் பெயர் அதில் இல்லை.

ராசாத்திக்கு முழுதும் புரியவில்லை. பூமாலை அவள் கையை அழுத்தியதும் பாதி புரிந்தது. ஆனால் வழக்கு என்று ஒன்று மிச்சம் இருக்கிறதே. அனிதா குற்றப்பத்திரிகையை எடுத்து வாசித்தாள்.

"மேற்படி எதிரிகள் சாலையில் சட்டவிரோதமாகக் கூடி அமர்ந்து, காவல்துறையினர் வாகன ஒலிபெருக்கி மூலம் மும்முறை எச்சரித்தும் கலைந்து செல்லாமல்..."

அனிதா நிறுத்திவிட்டாள். மாஜிஸ்திரேட் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. அவரும் அந்த 'மும்முறை'யில்தான் நின்றிருந்தார்.

"நீங்களே கேளுங்க" என்றார். "காலையில படிச்ச மாதிரி."

அனிதா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அமாவாசைக்கு எதிரில் நின்றாள். "ரோட்டுல யாரெல்லாம் உக்காந்தாங்க?"

"எல்லாரும். பெரியப்பா, சித்தப்பா, வாத்தியாரு."

"அப்ப என்ன கேட்டுச்சு?"

அமாவாசை யோசித்தான். கோர்ட்டில் அங்கங்கே பதினோரு பேருடைய உதடு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஜீப்பு மேலேர்ந்து சத்தம் வந்துச்சு. ஆளு தெரியல. எந்திரி, எந்திரின்னு மூணு தரம் சொல்லுச்சு."

"அப்புறம்?"

"நாலாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

அனிதாவும் காத்திருந்தாள்.

"நாலாவது வரல" என்றான் அமாவாசை. "தடிதான் வந்துச்சு."

அதைக் குறையாகக்கூட அவன் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். சட்டைக் காலரை விலக்கித் தோள்பட்டையில் ஒரு தழும்பைக் காட்டினான். இடம் தெரியவில்லையோ என்று அனிதாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிக் காட்டினான்.

ஏட்டு பாலசுந்தரம் அந்த மறியலுக்குப் போனவர் இல்லை. அப்போது அவர் வேப்பந்தட்டையில் வேலை பார்த்தார். இருந்தும் தரையைப் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்து, இந்த எதிரியைப் பொறுத்தவரை வழக்கை மேலே நடத்த அரசுத்தரப்புக்கு விருப்பமில்லை என்றார். சுருக்கமாகச் சொன்னார். நீட்ட அவராலேயே முடியவில்லை. மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று முதல்தடவையாகப் பேனாவை மூடினார்.

"அமாவாசை. கேஸு முடிஞ்சுது. நீங்க வூட்டுக்குப் போலாம்."

அமாவாசை நின்றான். "அடுத்த வாய்தா எப்ப?"

"வாய்தா கெடையாது. இனிமே நீங்க இங்க வரவே வேணாம்."

நல்ல செய்திதான். ராசாத்தி அங்கேயே கைகூப்பிவிட்டாள். ஆனால் அமாவாசையின் முகம் விழுந்துவிட்டது. தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, பஸ் ஏறி, இன்ன தேதிக்கு வா என்று சொன்ன இடத்துக்கு வந்துகொண்டிருந்தான். அவனை அப்படி நாள் குறித்து வரச்சொன்ன இடம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"வரவே வேணாமா?" என்றான்.

மாஜிஸ்திரேட்டுக்கு அதற்கு எந்தச் சட்டப்பிரிவும் தெரியவில்லை. பூமாலையைப் பார்த்தார்.

பூமாலை அமாவாசையின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "வர்ற மாசம் பெரம்பலூர்ல வகுப்பு இருக்கு, அமாவாசை. நெறைய போலீஸ்காரங்க வருவாங்க. எப்படிக் கேக்கணும்னு அவங்க பழகணும். கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?"

"அக்கா, அது என் வேலைல்ல?" என்றான் அழகன்.

"நீ எல்லாத்துக்கும் ஆமாம்பே. இவரு நடந்ததைச் சொல்லுவாரு."

அமாவாசை அக்காவைப் பார்த்தான். ராசாத்தி தலையாட்டினாள்.

"பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றான் அமாவாசை.

"எட்டரைக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் ஏட்டு பாலசுந்தரம். "அதுலதான் நானும் வருவேன். ஜன்னல் சீட்டு பிடிச்சு வைக்கறேன்."